உங்கள் நாயகன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான்?

போன கோடை லீவில் தம்பி பிள்ளைகள் மதுரைக்கு வந்திருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்குக் கையில் மாவுக்கட்டு. காமிக்ஸில் யாரைப் பிடிக்கும் என்று பையனிடம் கேட்டேன். "தோர், பெரியப்பா. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தோர்தான்" என்றான். ஏன் என்றால், சுத்தியல். அதற்கு மேல் அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம், தப்பில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நமக்கென்றே ஒருவன் காத்திருப்பது தெரியாமலே போய்விடும். பையனோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். எந்த வயதிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் நான்கைந்து புத்தகங்களை எடுத்துப் போடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு தினுசாக. நான் எடுத்தவை: ஸ்பைடர்மேன், டேர்டெவில், வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேண்டம்), இரும்புக்கை மாயாவி. முடிந்தவரை நாயகனின் முதல் கதையைத் தேடிப் பிடியுங்கள். பின்னால் வரும் கதைகளில் அவன் ஜெயிப்பான் என்பது நமக்கே தெரிந்துவிடும். முதல் கதையில் அவனுக்கே தெரியாது.

படிக்கும்போது அவனால் என்ன முடியும் என்று பார்க்காதீர்கள். என்ன முடியாது என்று பாருங்கள். எனக்கு இது புரிந்தது மாயாவியால்தான். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. மூலம், 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர். எனக்குக் கிடைத்தது வாடகைப் புத்தகக் கடையில், அட்டை கிழிந்த பிரதி. மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல், கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். அந்தக் கை மட்டும் மறையாது. ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படத்தில், உடம்பே இல்லாமல் கை மட்டும் அந்தரத்தில் வரும்.

எனக்கு அப்போது திக்குவாய். கடைசி பெஞ்சில், முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாயைத் திறந்தால் போச்சு. எல்லாம் மறைந்தும் ஒன்று மட்டும் மறையாமல் காட்டிக்கொடுக்கும் ஒருவரைப் பார்த்ததும், சரி, இவர் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. அதே கையால்தான் அவர் கதவையும் உடைப்பார்.

அக்காவுக்கு வேதாளர். அவருக்கு எந்த மந்திர சக்தியும் கிடையாது. அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் எடுத்துக்கொள்ள, இருபத்தோராவது தலைமுறையாக வேதாளர் பட்டம் தொடர்கிறது. எங்கள் அப்பா தவறிய பிறகு மளிகைக் கடையை அக்காதான் நடத்தினாள்.

படங்களையும் விட்டுவிடாதீர்கள். கதை நன்றாக இருந்தும் முகம் மனதில் ஒட்டவில்லை என்றால் அந்த நாயகன் நிலைக்கமாட்டான். வேறு ஓவியர் வரைந்த கதையைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒரு வாரம் புத்தகங்களைக் கண்ணில் படும் இடத்தில் போட்டுவிட்டு, எதையும் கேட்காமல் இருங்கள். கை தானாக எதை எடுக்கிறது, எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். "யார் ஃபேவரிட்?" என்று நச்சரித்தால் குழந்தைகள் நமக்குப் பிடித்த பெயரைச் சொல்லிவிடுவார்கள். நான் மாயாவியைப் பற்றி வாயே திறக்கவில்லை, அது சுலபமாக இல்லை.

நாலாவது நாள் பையன் ஸ்பைடர்மேனோடு திண்ணைக்குப் போனான். 1962-ல் வந்த அந்த முதல் கதையில் ஒரு திருடன் பீட்டர் பார்க்கரைத் தாண்டி ஓடுவான். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். பீட்டர் விட்டுவிடுவான். பெரியப்பா பென்னைக் கொன்றவன் அவன்தான் என்று கடைசியில் தெரியும். பையன் முடிவுவரை படிப்பான். மறுபடி திருடன் ஓடும் பக்கத்துக்கே வந்துவிடுவான். இரண்டு நாளில் புத்தகம் தானாகவே அங்கே விரிய ஆரம்பித்தது.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தோம். சின்னவள் மாவுக்கட்டுக் கையைத் தலையணையில் வைத்துத் தூங்கிவிட்டாள்.

"பெரியப்பா, பாப்பா படியில விழுந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான்.