மலிவாக ஸ்கூபா கற்க கோ தாவ் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குறைந்த செலவில் ஸ்கூபா டைவிங் கற்க எங்கே போகலாம் என்று தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: தாய்லாந்தின் கோ தாவ், எகிப்தின் தஹாப், ஹோண்டுராஸின் உத்தீலா. உத்தீலாவை நாம் மறந்துவிடலாம், கோர்ஸில் மிச்சமாகிற காசை விமான டிக்கெட் பல மடங்காகப் பிடுங்கிக்கொள்ளும். தஹாப் நல்ல இடம்தான், ஆனாலும் நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் பலர் கடைசியில் போய் நிற்பது கோ தாவில். டைவிங் லைசென்ஸ் தரும் முதல்படிப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு அங்கே டைவிங் சொல்லித்தரும் கடைகளில் பெரும்பாலானவை கேட்பது 11,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்பதை ஒட்டித்தான் இருக்கும், சின்னத் தீவில் அத்தனை டைவ் கடைகள், போட்டி அப்படி. அதனால் 500 பாட் குறைவாகத் தரும் கடையைத் தேடி வாரக்கணக்கில் இணையத்தில் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. காசு கசிவது வேறு இடங்களில்.

முக்கியமாக, போகும் மாதத்தில். தீபாவளி லீவோடு நாலு நாள் சேர்த்துப் போட்டுக் கிளம்பலாம் என்று நமக்குத் தோன்றும், ஆனால் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் காலத்தில்தான் தாய்லாந்து வளைகுடாவிலும் மழையும் அலையும், நவம்பரில் கடல் கலங்கி, சில நாள் படகே ஓடாது. தாய்லாந்துக்கு நவம்பரில்தான் சீசன் ஆரம்பம் என்று படித்தோமே என்றால், அது புக்கெட், சிமிலான் இருக்கும் மேற்குக் கரைக்கு. சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள், கோ தாவோ அந்த மாதங்களில் பெரும்பாலும் நன்றாக இருக்கும். நம் பள்ளிக் கோடை விடுமுறையின் பின்பாதியும் அதில் சேர்ந்துவிடுகிறது.

அடுத்தது, எதை வாங்குகிறோம் என்றே பார்க்காமல் பணம் கட்டுவது. ட்ரை டைவ், டிஸ்கவர் ஸ்கூபா என்ற பெயர்களில் விற்பது ஒரு நாள் அனுபவம் மட்டுமே, இன்ஸ்ட்ரக்டர் உங்களைப் பிடித்துக்கொண்டே 12 மீட்டர் ஆழத்துக்குள் சுற்றிக் காட்டுவார், கையில் லைசென்ஸ் எதுவும் வராது. ஸ்கூபா டைவர் என்று இன்னொன்று இருக்கிறது, அது பாதிக் கோர்ஸ், அதை முடித்தாலும் தொழில்முறை டைவர் ஒருவர் கூட இல்லாமல் இறங்க முடியாது. முழுசாக வேண்டுமென்றால் ஓப்பன் வாட்டர்தான்: நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நாலு டைவ், 18 மீட்டர் வரை அனுமதி. அப்புறம், லைசென்ஸ் கார்டு தரும் இரண்டு பயிற்சி அமைப்புகளில் பாடியா (PADI), எஸ்எஸ்ஐயா (SSI) என்ற முடிவில்லாத சண்டை. இரண்டு கார்டையும் எங்கே போனாலும் ஏற்றுக்கொள்வார்கள், இதில் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். கடையிடம் கேட்காமலே ஆன்லைன் பாடத்துக்கு மட்டும் முன்கூட்டிப் பணம் கட்டிவிட வேண்டாம், பல கடைகளில் அது கோர்ஸ் கட்டணத்திலேயே அடக்கம், இரண்டு முறை கட்டியதாகிவிடும்.

கடையின் பெயரைவிட, உங்களோடு தண்ணீருக்குள் வரப்போகிற ஆள் யார் என்பதுதான் பெரிய விஷயம், இதை யாரும் கேட்பதே இல்லை. கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எட்டு மாணவர்கள் வரை பாடி (PADI) அமைப்பின் பொது விதி அனுமதிக்கிறது. எட்டுப் பேரில் ஒருவருக்கு மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து அவர் பதறினால் மீதி ஏழு பேரும் மணலில் மண்டி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான், அவ்வளவு நேரமும் உங்கள் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே இருக்கும். நாலு பேருக்கு மேல் சேர்க்காத கடை ஆயிரம் பாட் கூடக் கேட்டாலும் கொடுங்கள், அதுதான் என் கணக்கில் உண்மையான சிக்கனம். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இன்ஸ்ட்ரக்டர்தானா, எந்த மொழியில் சொல்லித்தருவார், கண்ணாடி போடுகிறவர்களுக்கு பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போகலாம், பக்கத்திலேயே இருக்கும்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களும் நிறைய. கோர்ஸுக்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் நிரப்பச் சொல்வார்கள், ஆஸ்துமா, காது ஆபரேஷன், இதயக் கோளாறு போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது, படிவம் இணையத்திலேயே கிடைக்கிறது, நம்மூர் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போவது எவ்வளவோ மேல். பொய்யாக ‘இல்லை’ போடுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீச்சலும் அப்படித்தான்: நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கு கிடையாது, பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் அங்கே போய் மூன்று நாளில் இரண்டையும் சேர்த்துக் கற்க முயன்றால் இரண்டுமே கோணலாகும்.

நாட்களை இறுக்கிப் போடுவது அடுத்த பிழை. கோர்ஸ் மூன்று, மூன்றரை நாளில் முடியும் என்றால் நாமும் அத்தனை நாள் மட்டும்தான் ஒதுக்குவோம். பாங்காக்கிலிருந்து இரவு பஸ்ஸில் ஏசி குளிரில் விறைத்துக்கொண்டு சும்போன் போய், விடிந்ததும் படகு பிடித்துத் தீவில் இறங்கும்போது சளி பிடித்திருந்தால் அவ்வளவுதான், மூக்கு அடைத்திருந்தால் காதில் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, கீழே இறங்கவே முடியாது. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாதி டைவில் மருந்தின் வேகம் தீர்ந்தால் மேலே வரும்போது வலி உயிரை எடுக்கும். ஒரு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் விமானத்துக்கும் இதே கணக்கு. பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் வேலையைக் காட்டும். விமானம் மட்டும் என்றில்லை, உயரமான மலையும் சேர்த்தி. தஹாப் போகிறவர்கள் காலையில் டைவ் அடித்துவிட்டு அன்று இரவே 2,285 மீட்டர் உயர சினாய் மலைக்கு சூரிய உதயம் பார்க்க டூர் புக் பண்ணிவிடுகிறார்கள், அந்த மலையை டைவுக்கு முன்பே ஏறிவிட வேண்டும்.

கடைசியாக இன்சூரன்ஸ். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது, சேர்ந்தாலும் ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். மேலே சொன்ன நைட்ரஜன் குமிழியால் வரும் டிகம்ப்ரஷன் நோய் வந்து, அழுத்த அறைக்குள் வைத்துத் தரும் சேம்பர் சிகிச்சை வரை போனால் பில் கோர்ஸ் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும், டைவர்களுக்கென்றே காப்பீடு தரும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்றவர்களின் குறுகிய காலத் திட்டத்தையும் விசாரியுங்கள். பாலிசியைப் படிக்கும்போதே ஸ்கூட்டர் விபத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கோ தாவின் சாலைகள் செங்குத்தானவை, வாடகை ஸ்கூட்டரில் சறுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டால் காயம் ஆறும்வரை டைவிங் கிடையாது. ஆசை அடங்காவிட்டால் ஸ்கூட்டரை கோர்ஸ் முடிந்த மறுநாள் எடுங்கள், அடமானமாக பாஸ்போர்ட்டைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.