அழகும் ஆபத்தும் ஒன்றான வாம்பயர் கதை எழுதுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

வாம்பயர், அதாவது மனித ரத்தம் குடித்து வாழும் பிசாசு பற்றிக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முகத்திலிருந்து தொடங்குகிறார்கள். வெளிறிய நிறம், கூர்மூக்கு, கண்ணில் தீராத சோகம், கறுப்புக் கோட்டு. இரண்டு பக்கம் முடிந்த பிறகும் அவன் யாரையும் கடிக்கவில்லை. கடித்துவிடுவானோ என்ற பயமும் வாசகருக்கு வரவில்லை. அழகான ஆள் ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு கதையை அடித்தளத்திலிருந்து கட்டிப் பார்க்கலாம். நான் பிடித்துக்கொள்ளும் பிடி இதுதான்: அவன் எதைக் காட்டி ஈர்க்கிறானோ அதை வைத்தே கொல்ல வேண்டும். ஈர்ப்பு ஒரு அத்தியாயம், ஆபத்து அடுத்த அத்தியாயம் என்று பிரித்து வைத்தால் இரண்டுமே சப்பென்று போய்விடும்.

படி 1: பசியைக் கணக்குப் போடுங்கள்

முகம் பிறகு. முதலில் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்க வேண்டும்? ஒரு தடவைக்கு எவ்வளவு? கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

வளர்ந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரத்த தானத்தில் எடுப்பது 350 முதல் 450 மில்லி வரை. ஆரோக்கியமானவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரேயடியாக 2 லிட்டருக்கு மேல் போனால் பிழைப்பது கஷ்டம். இழந்த ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வருவதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

உங்கள் கதையின் வேகம் முழுக்க இந்த எண்களில் இருக்கிறது. ஒரே இரவில் உறிஞ்சித் தீர்ப்பவன் என்றால் இரவுக்கு ஒரு பிணம். கதை சீக்கிரமே போலீஸ் விசாரணையாகிவிடும். ஒரே கதாநாயகியிடம் இரண்டு இரவுக்கு ஒருமுறை 300 மில்லி குடிக்கிறவன் என்றால்? இரண்டே வாரத்தில் 2 லிட்டர் போயிருக்கும். மொத்தமாகப் போகாததால் அவள் சாகவில்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது. இரும்புச்சத்து குறையும்போது சிலருக்கு ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை வரும். கதாநாயகி நடு இரவில் ஃப்ரீசரைத் திறந்து ஐஸை நறுநறுவென்று கடிக்கிறாள் என்று எழுதுங்கள். 'நாளுக்கு நாள் வெளிறிப்போனாள்' என்பதைவிட அது பல மடங்கு வேலை செய்யும். இருண்ட காதல் கதைக்கு ஏற்றவன் இந்த இரண்டாவது ஆள்தான். அவனால் திரும்பத் திரும்ப வர முடிகிறது. அவளால் காத்திருக்க முடிகிறது.

நிஜ வாம்பயர் வௌவால் இரண்டு மூன்று இரவு ரத்தம் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். அப்போது பசியில் கிடக்கும் கூட்டாளிக்கு, குடித்துவிட்டு வந்த வௌவால் தன் வயிற்றிலிருந்து ரத்தத்தைக் கக்கி ஊட்டும். பட்டுத்திரையும் மெழுகுவத்தியுமாக வாம்பயர் குடும்பத்தை எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

படி 2: அவளுக்கு என்ன வேண்டும்?

இதை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அவளுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். காதல் வேண்டும், சாகசம் வேண்டும் என்பதெல்லாம் போதாது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கையால் தொட்டுக் காட்டுகிற மாதிரியான தேவை.

நம் கதையில் யாழினிக்கு முப்பது வயது. தம்பி இறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை, பால், புத்தகம், எதுவும் உதவவில்லை. மாடி வீட்டில் ஆதவன் இருக்கிறான். (வாம்பயருக்குச் சூரியன் பெயர் வைத்தது என் குறும்பு. காரணம் அடுத்த படியில்.) அவன் கடித்தால் தூக்கம் வரும். அவ்வளவுதான் அவனிடம் இருக்கும் வசியம். முதல் இரவு இரண்டு மணி நேரம் தூங்குகிறாள், அதற்கடுத்த முறை ஆறு மணி நேரம். பிறகு ஒருநாள் கண் விழித்தால் இடையில் ஒரு முழு நாள் காணோம்.

அவள் கேட்டதைத்தான் அவன் கொடுக்கிறான். அது கூடிக்கொண்டே போனால் சாவு. இப்படி அமைந்துவிட்டால் அவனுக்குச் செதுக்கிய தாடை தேவையே இல்லை. வைத்தாலும் தப்பில்லை, வாசகிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: விதிகள், மூன்றுக்கு மேல் வேண்டாம்

புதியவர்கள் இங்கேதான் மலைத்துப்போகிறார்கள். பூண்டு, கண்ணாடி, சிலுவை, வெள்ளி, சவப்பெட்டி, எல்லாம் வேண்டுமா? வேண்டாம். இந்த விதிகளில் பலவும் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் தங்கள் வசதிக்குச் சேர்த்தவை. 1897இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலில் வாம்பயரான பிரபு பகலில் தெருவில் நடமாடுகிறான், சக்திதான் குறைவு. வெயில் பட்டால் அழிந்துபோவான் என்பது 1922ஆம் ஆண்டு வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தில் வந்து நிலைத்தது. அழகு சமாசாரமும் அப்படித்தான். 1732இல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் செர்பியக் கிராமம் ஒன்றில் கல்லறைகளைத் தோண்டி எழுதிய அறிக்கையில் வசீகரமான பிரபு யாரும் இல்லை. அழுகாதவை போலத் தெரிந்த உடல்களும் அவற்றில் காணப்பட்ட ரத்தமும்தான். அழுகும்போது உண்டாகும் வாயு உடலை உப்ப வைத்து, ரத்தம் கலந்த நீரை வாய்வரை தள்ளும் என்று இன்று நமக்குத் தெரியும். மயக்கும் பிரபு இங்கிலாந்துக் கதைகளுக்குள் நுழைந்தது 1819இல். தோழியாக வந்து பெண்ணையே மயக்கும் பெண் வாம்பயர் 1872இல் 'கார்மில்லா' என்ற கதையில் பேர் வாங்கிவிட்டாள்.

ஆக, முன்னோர் எல்லாரும் மாற்றியிருக்கிறார்கள், நீங்களும் மாற்றலாம். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு விதியும் கதையில் யாரையாவது கடிக்க வேண்டும். சும்மா அலங்காரத்துக்கு இருக்கும் விதியை வெட்டுங்கள்.

நம் கதைக்கு மூன்று விதி. அழைக்காமல் அவன் வாசற்படி தாண்ட முடியாது. வெயில் அவனை ஒன்றும் செய்யாது, அதனால்தான் அந்தப் பெயர்; பகலில் பாதுகாப்பு என்ற ஆறுதல் அவளுக்கு இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: வாம்பயருக்குத் தூக்கமே கிடையாது. இருநூறு வருடமாக விழித்திருப்பவன் அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் அவளையும் தன்னைப் போல் ஆக்குகிறேன் என்றால், சாகாவரத்தோடு சேர்த்து அவள் மிகவும் பயப்படும் ஒன்றையும் தருகிறான்.

படி 4: வாசற்படிக் காட்சி

மயக்கும் காட்சியைப் பெரும்பாலானோர் இப்படி எழுதுகிறார்கள்:

"கரிய மேகங்கள் நிலவை விழுங்கின. அவனுடைய ரத்தச் சிவப்பு விழிகள் அவளை ஊடுருவின. காந்தத்தால் இழுக்கப்பட்டவள் போல அவள் அவனை நோக்கி நடந்தாள்."

இதில் அவள் எதையும் செய்யவில்லை. மேகமும் கண்ணும் காந்தமும் சேர்ந்து செய்கின்றன. அதே காட்சியை இப்படிப் பார்ப்போம்:

கதவைத் திறந்தபோது மணி மூன்று. ஆதவன் மிதியடிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"இன்னிக்கும் தூங்கலையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க நடக்கிறது கேக்குது. ஜன்னல்லேருந்து கட்டில், கட்டில்லேருந்து ஜன்னல். ஒன்றரை மணியிலேருந்து."

வெறுங்காலோடு நடப்பது மாடிக்குக் கேட்காது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் கதவைச் சாத்தவில்லை.

"தூங்க வைக்க எனக்குத் தெரியும்" என்றான்.

"உள்ளே" என்று ஆரம்பித்தாள். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவை சொன்னாப் போதும் எனக்கு."

அவன் எங்கேயும் வர்ணிக்கப்படவில்லை. ஆனால் அவனுடைய கவனம் முழுதும் அவள்மேல் இருக்கிறது, அவளுடைய காலடியை எண்ணும் அளவுக்கு. யாரும் நம்மை அப்படிக் கவனிக்காதபோது அது போதை. கூடவே அந்தக் கவனம் வேட்டையாடுபவனுடையது. காது மனிதக் காது இல்லை. ஒரே வரி இரண்டு வேலையும் செய்கிறது. அவள் அபாயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள், கண்டுபிடித்தும் நிற்கிறாள். 'ஐயோ, கதவைச் சாத்து' என்று நினைக்கிற வாசகருக்கே அவன் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவும் ஆசை. கடைசி வரியில் அவனே எச்சரிக்கிறான். தன் ஆபத்தை மறைக்காதவன், மறைப்பவனைவிட அதிகம் ஈர்ப்பான்.

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு எப்போது மாறுகிறார்கள், யார் முதலில் மாறுகிறார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். முதல் மூன்று கடிவரை ஆதவன் "தூங்குங்க" என்றுதான் சொல்வான். நாலாவது இரவு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தூங்கு" என்பான். ஒரு அசை குறைகிறது, அவள் தோள் தளர்கிறது. அந்த இரவு அவளைப் பற்றி நீங்கள் வேறு எதுவும் எழுத வேண்டாம். அவள் கடைசிவரை 'நீங்க' என்றே அழைத்துவிட்டு, அவனை எதிர்க்கும் காட்சியில் மட்டும் "நீ" என்றால் அதற்கும் தனி வலு வரும்.

கண்ணால் கட்டிப்போட்டு வசியம் செய்யும் சக்தியை அவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா? என் கருத்து, கொடுக்காதீர்கள். வசியத்தில் இருப்பவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே நடப்பது மயக்குதல் அல்ல, பிடித்து வைத்தல். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதை வன்முறை என்று தெரிந்தே எழுதுங்கள், ரோஜாப்பூ தூவாதீர்கள். இரண்டு பக்கமும் வயது வந்தவர்களாக இருக்கட்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

படி 5: கடி

முழு விவரத்தோடு ஒரே ஒருமுறை எழுதுங்கள். அடுத்த கடிகளை மறுநாள் காலையின் தடயங்களாக மட்டும் காட்டுங்கள்.

கழுத்துத் தமனியில் பல் இறங்கினால் ரத்தம் பீறிட்டு அடிக்கும், சில நிமிடத்தில் ஆள் முடிந்தார். மென்மையான காட்சி வேண்டுமென்றால் சிரை, அல்லது முழங்கையின் உள்மடிப்பு. வாம்பயர் வௌவால் உறிஞ்சுவதில்லை. பல்லால் சிறு வெட்டுப் போட்டு, வழிவதை நக்குகிறது. அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது, விஞ்ஞானிகள் வைத்த பெயர் டிராகுலின். இதை அப்படியே உங்கள் ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அவன் போன பிறகும் காயம் கசிந்துகொண்டே இருக்கும். காலையில் யாழினி தலையணை உறையைக் குளிர்ந்த நீரில் அலசுகிறாள். சுடுநீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்று இதற்குள் அவளுக்குப் பழகிவிட்டது.

படி 6: யாராவது விலை கொடுக்க வேண்டும்

கதையின் முதல் பாதிக்குள்ளேயே அவன் உண்மையிலேயே கொல்பவன் என்பதை வாசகர் பார்த்துவிட வேண்டும். 'நான் அபாயமானவன், விலகிப் போ' என்று அவன் வசனம் பேசிக்கொண்டே இருந்து, கடைசிவரை ஒரு எறும்பும் சாகவில்லை என்றால் வாசகர் சிரித்துவிடுவார்.

யாழினி ஒருநாள் அவன் வீட்டு அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே பதினொரு அலாரம் கடிகாரங்கள். ஒன்றில் பூனைப்படம், ஒன்றில் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. இதற்குப் பிறகு அவன் வந்து, தன் துயரமான கடந்தகாலத்தை இரண்டு பக்கத்துக்குச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் கூடாது. "அவங்களும் தூக்கம்தான் கேட்டாங்க" என்று மட்டும் சொல்லட்டும். அன்று இரவு அவள் கதவைத் திறப்பாளா என்பதுதான் உங்கள் இடைவேளை.

படி 7: முடிவும் திருத்தமும்

முடிவுக்குப் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம். படி 3இன் விதிகளுக்குள்ளேயே தேடுங்கள். அவள் அழைப்பைத் திரும்பப் பெற முடியுமா? அவனைப் போல் மாறி, இனி ஒருபோதும் தூங்காமல் இருக்கச் சம்மதிப்பாளா? அல்லது பன்னிரண்டாவது கடிகாரமா? மூன்றில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. தம்பியை நினைக்காமல் இருக்கத் தூக்கம் கேட்டவள், அந்தத் தம்பியையே என்றென்றும் நினைத்துக்கொண்டிருக்க முடிவெடுக்கிறாள் என்று அதன் அர்த்தம் மாறிவிடுகிறது.

திருத்தும்போது 'கரிய', 'மர்ம', 'அமானுஷ்ய', 'ரத்தச் சிவப்பு' ஆகியவற்றைத் தேடி அழியுங்கள். வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள். சிரிப்பு வந்தால் மாற்றுங்கள். தொடராக இணையத்தில் போடுவதென்றால் வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவை இருப்பதை முதல் பகுதியின் தலைப்புக்குக் கீழேயே குறிப்பிடுங்கள்.

இன்றைக்கே தொடங்க ஒரு பயிற்சி. உங்கள் கதாநாயகியின் தேவையை ஒரே வரியில் எழுதிவிட்டு, வாசற்படிக் காட்சியை 300 வார்த்தைக்குள் எழுதுங்கள். நிறங்களின் பெயர் வரக் கூடாது, 'ரத்தம்' என்ற சொல்லும் வரக் கூடாது, அவன் அவளைத் தொடவும் கூடாது.