காட்டுக்குள்ள இருக்கிற மாயா இடிபாடுகள்ல எதைப் பார்க்கிறதுன்னு குழம்புறீங்களா? முதல்ல ஊரை முடிவு பண்ணுங்க

மாயா இடங்கள்னு மேப்ல தேடினா புள்ளி புள்ளியா நூத்துக்கணக்குல வரும். மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடார்னு அஞ்சு நாட்டுல சிதறிக் கிடக்கு. 2018ல விமானத்துல இருந்து லேசர் அடிச்சுப் பார்த்தப்போ வடக்கு குவாத்தமாலா காட்டுக்கு அடியில மட்டும் 60,000க்கு மேல கட்டடங்கள் புதைஞ்சு கிடக்குன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் பார்க்க யாராலயும் ஆகாது, அதனால விட்டுத்தள்ள வேண்டியதை நிம்மதியா விட்டுடுங்க.

நிறைய பேர் பத்து இடம் லிஸ்ட் போட்டுட்டு, பாதி நேரத்தை வேன்லயே உட்கார்ந்து கழிச்சுட்டு, கடைசியில எந்தப் பிரமிட் எந்த ஊருன்னே ஞாபகம் இல்லாம திரும்பி வர்றாங்க, அதைப் பார்த்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்காதீங்க, தங்குற ஊரைத் தேர்ந்தெடுங்க. ஒரு ஊர்ல மூணு நாலு ராத்திரி தங்கி, சுத்தி இருக்கிறதுல ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம் பாருங்க. பெரிய இடம் பிரமிக்க வைக்கும், ஆனா ஆள் நடமாட்டம் இல்லாத சின்ன இடத்துலதான் அந்தக் காட்டோட சத்தம் காதுல விழும்.

எந்த ஊருன்னு முடிவு பண்ண உங்களையே ஒண்ணு கேட்டுக்கோங்க: உயரத்துல ஏறி நின்னு காட்டைப் பார்க்கணுமா, இல்ல கல்லுல செதுக்கின கதையைப் பக்கத்துல நின்னு பார்க்கணுமா? உயரம்னா டிக்காலும் கலக்முலும். சிற்பம், எழுத்துன்னா பலெங்கே, யாச்சிலான், கோப்பான்.

முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது குவாத்தமாலாவோட ஃப்ளோரஸ்தான். ஏரிக்கு நடுவுல இருக்கிற குட்டித் தீவு ஊரு, அங்கிருந்து டிக்கால் 60 கிலோமீட்டர் சொச்சம், வேன்ல ஒண்ணரை மணி நேரம் வச்சுக்கோங்க. நாலாம் கோயிலோட உயரம் கிட்டத்தட்ட 65 மீட்டர், பக்கவாட்டுல போட்டிருக்கிற மரப்படியில ஏறலாம், மேல போய் உட்கார்ந்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் காடு, அதுக்கு மேல மத்த கோயில்களோட உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். போட்டோவுல எல்லாரும் பார்த்திருக்கிற முதல் கோயில்ல ஏற முடியாது, எதிர்ல இருக்கிற ரெண்டாவதுல ஏறி நின்னு அதைப் பார்க்கலாம். அந்த முதல் கோயிலுக்கு அடியிலதான் ஹசாவ் சான் கவீல்ங்கிற ராஜாவைப் புதைச்சிருந்தாங்க. கி.பி. 562ல டிக்கால் போர்ல தோத்து நூறு வருஷத்துக்கு மேல தலை தூக்க முடியாம கிடந்துச்சு, 695ல எதிரி ஊரான கலக்முலை ஜெயிச்சு அந்த ஊரை மறுபடி நிமிர்த்தினவர் இவர்தான். இது தெரிஞ்சுக்கிட்டு அந்த மைதானத்துல நின்னா அது வெறும் கல்லாத் தெரியாது.

அங்க இன்னொரு விஷயம் நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ள போற வழியில வானத்துக்கு நிக்கிற சேய்பா மரத்தை மாயாக்காரங்க உலகத்தையே தாங்குற மரமா நினைச்சாங்க, அது வேற எதுவும் இல்ல, நம்ம இலவம்பஞ்சு மரமேதான். கோயில் வாசலுக்கு மேல லிண்டலா போட்டிருந்த கட்டை சப்போட்டா மரம், ஆயிரம் வருஷம் தாண்டியும் சிலது உளுத்துப் போகாம தப்பிச்சிருக்கு.

முடிஞ்சா டிக்கால் பூங்காவுக்குள்ள இருக்கிற லாட்ஜ்லயே ஒரு ராத்திரி தங்கிடுங்க, காசு கூட ஆனாலும் பரவால்ல. விடியறதுக்கு முன்னாடி ஹௌலர் குரங்கு கத்தும் பாருங்க, குரங்குன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, ஏதோ பெரிய மிருகம் உறுமுற மாதிரி இருக்கும். சூரிய உதயத்துக்குத் தனி டிக்கெட், கைடோடதான் போகணும். பனிமூட்டமா இருந்தா சூரியனே தெரியாது, ஆனா அந்தச் சத்தத்துக்காகவே போகலாம்.

ஃப்ளோரஸ்ல இருந்தே யாஷாவும் போயிடுங்க. ஏரிக்கரையில இருக்கிற பழைய நகரம், கூட்டம் கம்மி, 216ஆம் நம்பர் கோயில் மேல இருந்து சூரியன் மறையறதைப் பார்க்கலாம். என்னோட சின்ன இடம் இதுதான். டிக்காலுக்கு வடக்கே 23 கிலோமீட்டர்ல இருக்கிற வாஷக்துன், சூரியன் உதிக்கிற திசையை வச்சு வருஷத்தைக் கணக்கு பண்ணக் கட்டின கட்டட வரிசைக்குப் பேர் போனது, வானியல் பிடிச்சவங்க அங்க போகலாம்.

எல் மிராடோர் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. வடக்கு குவாத்தமாலா காட்டுக்குள்ள இருக்கு, அங்க இருக்கிற லா டான்டாங்கிற பிரமிட் 72 மீட்டர் உயரம், டிக்கால் பெரிய ஊரா ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடியே உச்சத்துல இருந்த நகரம். ஆனா ரோடு கிடையாது, கர்மெலித்தாங்கிற கிராமத்துல இருந்து நடக்கணும், போக வர அஞ்சு நாள், ராத்திரி டென்ட்ல, சாமானைக் கோவேறு கழுதை சுமக்கும், கொசுவும் உண்ணியும் கூடவே வரும். இன்னும் பெரும்பாலும் மண் மூடினபடியேதான் இருக்கு, போய் நின்னா மரம் முளைச்ச மலை மாதிரிதான் தெரியும். காட்டுல நடக்கிறதே பிடிக்கும்னா மட்டும் போங்க, பிரமிட் பார்க்கிறதுக்காக மட்டும்னா வேணாம். ஹெலிகாப்டர்லயும் போறாங்க, ஆனா நடந்து போய்ச் சேர்ற அனுபவம் அதுல வராது.

டிக்காலோட எதிரி கலக்முல் மெக்சிகோவுல கம்பேச்சே மாநிலத்துல இருக்கு, பாம்பு ராஜ்யம்னு சொல்லுவாங்க. மெயின் ரோட்டுல இருந்து காட்டுக்குள்ள 60 கிலோமீட்டர் போகணும், அதனாலயே கூட்டம் அதிகம் வராது. அந்த மெயின் ரோட்டுல இருக்கிற ஷ்புஹில்ங்கிற ஊர்ல தங்கிட்டு விடியக்காலையில கிளம்புங்க, தண்ணி சாப்பாடு கையோட எடுத்துட்டுப் போங்க. 45 மீட்டருக்கு மேல உயரமான ரெண்டாம் நம்பர் பிரமிட் மேல நின்னா ஊரோ டவரோ எதுவும் கண்ணுல படாது. நம்ம நடுகல் மாதிரி நட்டு வச்ச கல்லு இங்க நூத்துக்கும் மேல இருக்கு, ஆனா சுண்ணாம்புக்கல் மிருதுவா இருந்ததால எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. சிற்பம் பார்க்க வந்தவங்க இங்க ஏமாந்து போவாங்க.

சிற்பம்னா பலெங்கேதான். மெக்சிகோவோட சியாபாஸ் மாநிலத்துல மலை அடிவாரத்துல, பின்னாடி காடு ஏறிப் போகும், நடுவுல ஓடை ஓடும். டிக்கால் அளவு பெருசு இல்ல, ஆனா மாயா ஊர்கள்லயே அழகுன்னா எனக்கு இதுதான். பகல்ங்கிற ராஜா 12 வயசுல பட்டத்துக்கு வந்து 615ல இருந்து 683 வரைக்கும் ஆண்டிருக்காரு. 1952ல அல்பெர்தோ ரூஸ்ங்கிற தொல்லியல் அறிஞர் கல்வெட்டுக் கோயிலுக்கு அடியில அவரோட கல்லறையைத் திறந்தப்போ பச்சைக்கல் முகமூடி போட்டுப் படுத்திருந்தாரு. அந்த அறைக்குள்ள இப்ப போக முடியாது, அதனால அங்க இருக்கிற மியூசியத்தை விட்டுடாதீங்க, மூடியிருந்த கல்லோட நகல் அங்க இருக்கு. கிளம்பும்போது நீர்வீழ்ச்சி வழியா இறங்கி வர்ற பாதை திறந்திருந்தா அதுல வாங்க.

பலெங்கேல தங்கினா யாச்சிலானும் பொனாம்பாக்கும் ஒரே நாள்ல பார்க்கலாம், நாள் ரொம்ப நீளமா இருக்கும், ஆனா வொர்த். ஃப்ரொன்தேரா கொரோசால்ங்கிற ஊர்ல இருந்து உசுமசிந்தா ஆத்துல படகு, இந்தக் கரை மெக்சிகோ, அந்தக் கரை குவாத்தமாலா. யாச்சிலானுக்கு ரோடே இல்ல, ஒரு மணி நேரத்துக்குள்ள படகு கரையில விட்டுடும், நுழையும்போதே வௌவால் அடைஞ்ச இருட்டு மண்டபத்து வழியாத்தான் பெரிய மைதானத்துக்கு வருவீங்க, டார்ச் வேணும். வாசல் லிண்டல்கள்ல செதுக்கின வேலைதான் இந்த ஊரோட பெருமை. ஒரு ராணி நாக்குல முள்ளுக்கயிறு கோத்து ரத்தம் சிந்துற அந்தப் புகழ்பெற்ற கல்லு மட்டும் இங்க இல்ல, லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அதைப் பார்க்கலாம்னு நினைச்சுட்டு வராதீங்க.

பொனாம்பாக் சின்ன இடம். மூணு அறை, ஆனா உள்ள சுவர் முழுக்க 790 வாக்குல வரைஞ்ச ஓவியம், ஊர்வலம், போர், பிடிபட்ட கைதிங்க விரல்ல ரத்தம் சொட்ட உட்கார்ந்திருக்கிறது எல்லாம் கலரோட இருக்கு. 2024 வாக்குல அந்தப் பகுதியில பாதுகாப்பு பிரச்சனை ஆகி இந்த இடங்களைக் கொஞ்ச நாள் மூடியே வச்சாங்க, அதனால அங்க போற பிளான்னா கிளம்புற வாரத்துல நிலைமையை விசாரிச்சுட்டுதான் காசு கட்டுங்க.

ஹோண்டுராஸ்ல இருக்கிற கோப்பான் குவாத்தமாலா எல்லையில இருந்து வெறும் 12 கிலோமீட்டர். உயரமான பிரமிடை எதிர்பார்க்காதீங்க, இங்க வர்றது கல்லுக்காக மட்டும்தான். எழுத்துப் படிக்கட்டுல 2000க்கு மேல எழுத்து, மாயா எழுத்துலயே ரொம்ப நீளமான கல்வெட்டு இதுதான். கியூன்னு பேர் வச்ச சதுரமான கல்லுல கோப்பானை ஆண்ட 16 ராஜாக்களும் சுத்தி உட்கார்ந்திருக்காங்க, முதல் ராஜா பதினாறாவது ராஜா கையில ஆட்சியைக் கொடுக்கிற மாதிரி. 738ல பதிமூணாவது ராஜாவை, அவருக்குக் கீழ இருந்த, இப்ப குவாத்தமாலாவுல இருக்கிற கிரிகுவாங்கிற சின்ன ஊர் பிடிச்சுத் தலையை வெட்டிடுச்சு. அந்தத் திமிர்ல கிரிகுவா நட்ட கல்லு ஒண்ணு 10 மீட்டருக்கு மேல உயரம், வாழைத் தோட்டத்துக்கு நடுவுல இப்பவும் நிக்குது. கோப்பானையும் கிரிகுவாவையும் சேர்த்தே பாருங்க, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பாதிக் கதைதான்.

பெலீஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சான் இக்னாசியோல தங்கினா கரகோல், ஷுனான்துனிச் ரெண்டும் போகலாம், ஆங்கிலமே போதும். ஸ்பானிஷ் வராம தனியா போறவங்களுக்கும் குழந்தைங்களோட போறவங்களுக்கும் இதுதான் சுலபம். ஆனா செலவு குவாத்தமாலாவை விட ஜாஸ்தி. 562ல டிக்கால் தோத்த கதை நமக்குத் தெரியறதே கரகோல்ல கிடைச்ச கல்லாலதான்.

எப்ப போகணும்னா டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். ஏப்ரல், மே வெயில் காட்டுக்குள்ள வேக வச்சுடும், அதுக்கப்புறம் மழை, பாதை சேறாயிடும், எல் மிராடோர் நடையெல்லாம் அப்ப வேணவே வேணாம். எந்தப் படியில ஏறலாம்ங்கிற விதி அடிக்கடி மாறும், ஒரு குறிப்பிட்ட பிரமிட்ல ஏறத்தான் போறேன்னா முன்னாடியே கேட்டுக்கோங்க. உள்ளூர் பணம் கையில வச்சுக்கோங்க, முழுக்கை சட்டை போடுங்க, தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டராவது.

நாலு நாள்தான் இருக்குன்னா ஃப்ளோரஸ் மட்டும், டிக்கால் யாஷா, அவ்வளவுதான், வேற எதையும் சேர்க்காதீங்க. பத்து நாள் இருந்தா ஃப்ளோரஸ்ல இருந்து கிளம்பி, அந்த உசுமசிந்தா ஆத்தைப் படகுல தாண்டி பலெங்கே போயிடலாம், நடுவுலயே யாச்சிலானும் வந்துடும். எல்லையில பாஸ்போர்ட்ல ரெண்டு பக்கமும் முத்திரை குத்தினாங்களான்னு மட்டும் பார்த்துக்கோங்க, சின்ன ஆபீஸ், படகுக்கு அவசரப்பட்டு அதை விட்டுட்டா திரும்பும்போது மாட்டிப்பீங்க.