பிரிட்டனில் புது வீடா? முதல் நாளே ஸ்டாப்காக் எங்கே என்று தேடிப் பிடியுங்கள்

இங்கே புதிதாக வீடு எடுத்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: ஸ்டாப்காக் எங்கே இருக்கிறது, தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. பால் காய்ச்சியிருப்பார்கள், சாமி படம் மாட்டியிருப்பார்கள், இன்டர்நெட்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரை எதைத் திருகி நிறுத்துவது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். எங்களுக்கும் யாரும் காட்டவில்லை. லண்டனில் குடியேறிய இரண்டாவது மாதம், சனிக்கிழமை இரவு, வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் கழன்றுவிட்டது. சமையலறை முழுக்கத் தண்ணீர். சிங்க்குக்குக் கீழே பாத்திரங்களுக்குப் பின்னால் அந்தத் திருகு இருந்ததைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம், கண்டுபிடித்தால் அது பல வருடம் யாரும் தொடாமல் இறுகிப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பேனரோடு வந்து திருகி அடைப்பதற்குள் கீழ் வீட்டின் கூரையில் தண்ணீர் இறங்கிவிட்டது.

நம் ஊர்ப் பழக்கம் இந்த இடத்தில் கை கொடுக்காது. அங்கே மொட்டை மாடியில் தொட்டி இருக்கும், குழாய் உடைந்தால் மாடிக்கு ஓடி கேட்வால்வை அடைப்போம், அதுவும் முடியாவிட்டால் தொட்டி காலியானதும் தண்ணீர் தானாக நின்றுவிடும். இங்கே தெருக் குழாயிலிருந்து நேராக, நல்ல அழுத்தத்தோடு வருகிறது. நீங்கள் நிறுத்தும் வரை வந்துகொண்டே இருக்கும்.

அதனால் சாவி கையில் வந்த அன்றே தேடுங்கள். பெரும்பாலான வீடுகளில் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும், சில இடங்களில் படிக்கட்டுக்குக் கீழ் அலமாரியில் அல்லது வாசலை ஒட்டி, ஃபிளாட் என்றால் குளியலறையிலோ வெளி நடையில் உள்ள அலமாரியிலோகூட இருக்கலாம். கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் அடைபடும். அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் நிற்கிறதா என்று. திரும்ப முழுவதும் திறந்ததும் கால் சுற்று பின்னால் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். இறுகியிருந்தால் நீளமான ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம், பழைய பித்தளைத் தண்டு முறிந்தால் பிரச்சினை இன்னும் பெரிதாகும். டபிள்யூடி-40 அடித்து ஒரு நாள் விட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள், அப்படியும் வராவிட்டால் வீட்டுக்காரருக்கு எழுதி மாற்றச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு குழாயோ டாய்லெட் தொட்டியோ ஒழுகினால் வீடு முழுக்க நிறுத்தத் தேவையில்லை. அதற்குப் போகும் குழாயில் பெரும்பாலும் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதன் நடுவில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு கோடு வெட்டியிருக்கும். கோடு குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, கால் சுற்று திருப்பிக் குறுக்காக நின்றால் அடைபட்டிருக்கிறது.

அடுத்தது பாய்லர். குளிர்காலத்தில் ஒரு நாள் காலை எழுந்தால் வீடு சில்லென்று இருக்கும், வெந்நீர் வராது, பாய்லரில் ஏதோ ஒரு எண் மின்னிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் முதல் முறை இது நடந்தபோது ஆள் வந்தார், கீழே ஒரு லீவரைத் திருப்பினார், இரண்டே நிமிடம், அதற்கு முழு வருகைக் கட்டணம் கொடுத்தோம். அவர் செய்தது பிரஷர் ஏற்றியது மட்டும்தான். அதை நாமே செய்யலாம், சட்டப்படியும் தடையில்லை.

காம்பி பாய்லர் (தனித் தொட்டி இல்லாமல் ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் சேர்த்துத் தருவது) என்றால் முகப்பிலோ அடியிலோ ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். சிஸ்டம் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். 1-க்குக் கீழே இறங்கியிருந்தால் பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, அடியில் பாருங்கள்: வெள்ளிக் கம்பி பின்னிய ஒரு குழாய், அதன் முனைகளில் சின்ன லீவர்கள். சில மாடல்களில் அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் சாவியோ நீல லீவரோ இருக்கும், மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கையேடு கிடைத்துவிடும். லீவர்களை மெதுவாகத் திறந்தால் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும், முள் 1.3 பக்கம் வந்ததும் இரண்டையும் இறுக அடைத்துவிட வேண்டும். இதை மறந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே தண்ணீரைக் கொட்டும். வாராவாரம் இப்படி ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அப்போது ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும்.

கடும் பனி நாளில் பாய்லர் நின்று, உள்ளே களகளவென்று சத்தம் வந்தால் வெளிச்சுவர் வழியாகப் போகும் பிளாஸ்டிக் கழிவுக் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். கொதிநீர் ஊற்றக் கூடாது, குழாய் வெடித்துவிடும்.

அறையைச் சூடாக்க பாய்லரின் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் மேல் பாதி குளிர்ந்தும் கீழ் பாதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறியதும், ஓரத்தில் மேலே உள்ள சின்னத் திருகை அதற்கான ரேடியேட்டர் சாவியால் கால் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள், கீழே ஒரு துணி பிடித்துக்கொள்ளுங்கள், புஸ்ஸென்று காற்று வந்து தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடலாம். அப்புறம் பாய்லர் பிரஷரைத் திரும்பப் பாருங்கள், குறைந்திருக்கும். மேலே சூடாகவும் அடியில் குளிர்ந்தும் இருந்தால் அது சேறு படிந்தது, நம் கை வேலை அல்ல.

இங்கே ஒரு கோடு போட்டுச் சொல்லிவிடுகிறேன். பாய்லரின் மூடியைக் கழற்றாதீர்கள். கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீர்கள், கேஸ் அடுப்பை இடம் மாற்றி இணைப்பதுகூட வேண்டாம். தெரிந்த அண்ணா ஒருவர் பாதி விலைக்குச் செய்து தருகிறார் என்று யாராவது சொன்னாலும் சரி. கேஸ் வேலையைச் செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இது சட்டம். அவருடைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருக்கும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேஸ் வாடை அடித்தால் ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், 0800 111 999 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இதே எண்தான். வாடகை வீடு என்றால் கேஸ் சாதனங்களை வருடத்துக்கு ஒரு முறை சோதித்து உங்களுக்குச் சான்றிதழ் தருவது வீட்டுக்காரரின் கடமை, வரவில்லையென்றால் கேளுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியும் கிரைண்டரும் அப்படியே ஓடும். சிக்கல் பிளக்கில்தான். உருண்டை முள் பிளக்கை மலிவான அடாப்டரில் செருகி மாவு ஆட்டினால் தளர்ந்த இணைப்பு சூடேறி உருகும், நான் கருகிய அடாப்டர்களை நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பழைய பிளக்கை வெட்டிவிட்டு இங்கத்து மூன்று முள் பிளக்கை மாட்டுவதே நல்லது. ஊர் வயரில் சிவப்பு, கருப்பு, பச்சை என்று இருந்தால் சிவப்பு லைவ், அது ஃபியூஸ் உள்ள வலப்பக்கம். கருப்பு நியூட்ரல், இடப்பக்கம். பச்சை எர்த், மேலே. புது வயர் என்றால் அதே வரிசையில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். வயரின் மேலுறையையும் உள்ளிருக்கும் கிளிப்பில் பிடிக்கும்படி வையுங்கள், இழுத்தால் கழலாது. நிறத்தில் கொஞ்சம் சந்தேகம் என்றாலும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருப்பது நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒரே வயரை வளையமாக ஓட்டிப் பல சாக்கெட்டுகளுக்குக் கொடுக்கும் முறை இங்கே வந்தது. அந்த வளையத்துக்கு 32 ஆம்ப் பாதுகாப்பு, விளக்கின் மெல்லிய வயர் அதைத் தாங்காது, அதனால் ஒவ்வொரு பிளக்கிலும் தனி ஃபியூஸ். 700 வாட்டுக்குக் கீழே 3 ஆம்ப், அதற்கு மேல் 13 ஆம்ப். ஏதாவது ஒரு சாதனம் திடீரென்று செத்துப் போனால் தூக்கிப் போடும் முன் ஃபியூஸை மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் பாதிப் பகுதிக்குக் கரண்ட் போய்விட்டால் ஃபியூஸ் பெட்டியில் ஒரு ஸ்விட்ச் விழுந்திருக்கும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதைத் தூக்குங்கள். அது விழாமல் நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள், எதைச் செருகும்போது திரும்ப விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் வீட்டில் அது கிரைண்டர், கழுவும்போது மோட்டாருக்குள் ஈரம் போயிருந்தது. எல்லாம் பிடுங்கிய பிறகும் நிற்காவிட்டால் வயரிங்கில் கோளாறு, கை வைக்காதீர்கள். தெருவே இருட்டாக இருந்தால் 105-க்குப் போன் செய்யலாம், கட்டணமில்லை.

சிங்க் அடைப்பு நம் வீடுகளில் கொஞ்சம் அதிகம், காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சென்னையில் அது குழாயில் ஓடிவிடும், இங்கே ஜனவரியில் சிங்க்கைத் தாண்டும் முன்பே கட்டியாகிவிடும், நெய்யும் அப்படித்தான், அதில் சோறும் பருப்பும் ஒட்டிக்கொள்ளும். 2017-இல் லண்டன் வைட்சாப்பலில் பாதாளச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்புக் கட்டி அடைத்துக்கொண்டது, எடை 130 டன். அப்பளம் பொரித்த எண்ணெயை ஆறவிட்டுப் பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள், தட்டை டிஷ்யூவால் துடைத்த பிறகு கழுவுங்கள். அடைத்துவிட்டதா, சிங்க்குக்குக் கீழே உள்ள வளைந்த குழாய்க்கு அடியில் வாளி வைத்து, அதன் வளையங்களைக் கையாலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம், ரப்பர் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஊற்றியிருந்தால் கழற்றவே வேண்டாம், கையிலும் கண்ணிலும் தெறித்தால் வெந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை பூஞ்சைதான். ஜன்னல் ஓரத்தில், அலமாரிக்குப் பின்னால், குழந்தை படுக்கும் கட்டிலை ஒட்டிய சுவரில் கரும்புள்ளியாக ஆரம்பிக்கும். குக்கர் ஆவியும் குளித்த ஈரமும் அறைக்குள் காயப்போட்ட துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. சமைக்கும்போது மூடி போட்டு, எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை ஓடவிட்டு, முடிந்த பின்னும் கால் மணி நேரம் விட்டு வையுங்கள். குளிராக இருந்தாலும் காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். வந்துவிட்டால் கையுறை, முகமூடி போட்டுப் பூஞ்சைக் கொல்லி மருந்தடித்துத் துடைக்கலாம். ப்ளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

இதையெல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் சுவரிலோ கூரையிலோ ஒழுகல் இருக்கலாம். அது வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டியது. "உங்கள் சமையல்தான் காரணம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 2020 டிசம்பரில் ராக்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சையால் இறந்தது. பெற்றோர் பல முறை புகார் செய்திருந்தார்கள், வீட்டை வாடகைக்குக் கொடுத்த அமைப்போ குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று எண்ணிக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் (கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ வாடகைக்குத் தரும் வீடுகள்) நடைமுறையில் இருக்கிறது, பூஞ்சைப் புகாரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விசாரித்தாக வேண்டும். இங்கிலாந்தில் தனியார் வீடானாலும் 1985-ஆம் வருட வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி சுவர், கூரை, தண்ணீர், கேஸ், மின்சாரம், ஹீட்டிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. போனில் சொன்னாலும் அன்றே போட்டோவோடு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், தேதி பதிவாக இருக்கட்டும்.

புகை அலாரம் தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பிளாஸ்டிக் பையைச் சுற்றி வைப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். சமையலறைக் கதவைச் சாத்தி, மிளகாய் போடும் முன்பே ஃபேனைப் போட்டுவிட்டால் பெரும்பாலும் கத்தாது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை கீச்சென்றால் பேட்டரி தீர்கிறது, அன்றே மாற்றுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். இரண்டு ஸ்க்ரூடிரைவர், அட்ஜஸ்ட் செய்யும் ஸ்பேனர், டெஃப்லான் டேப், ரேடியேட்டர் சாவி, 3 ஆம்ப், 13 ஆம்ப் ஃபியூஸ் சில, டார்ச், வாளி. ஸ்டாப்காக், ஃபியூஸ் பெட்டி, கேஸ் மீட்டர் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி, அந்த 0800 எண்ணையும் சேர்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா வந்து தங்கினால் அவருக்கும் படிக்கிற மாதிரி தமிழில் எழுதுங்கள், ஸ்டாப்காக்கை ஒரு முறை அவர் கையாலேயே திருகச் சொல்லிப் பாருங்கள்.