குல்மார்க்கில் பனிச்சறுக்கு: முதன்முறை செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீரில் உள்ள குல்மார்க்கிற்குப் போய்வந்தவர்களிடம் பனிச்சறுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு வகையான பதில்களே கிடைக்கின்றன. அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்று சிலர் இப்போதே விடுமுறைக் கணக்குப் போடுகிறார்கள். மற்றவர்கள், ‘காலில் பலகையை மாட்டி, நாலு அடி இழுத்துக்கொண்டு போய், படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். இரு சாராரும் நின்றது ஒரே பனியில்தான். ஆனால் பயணத்தைத் திட்டமிட்ட நாளிலேயே அவர்களுடைய வழிகள் பிரிந்துவிட்டன என்பதே என் கருத்து.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பனிச்சறுக்கை அரை நாளில் முடித்துவிடக்கூடிய ஒரு சவாரியாக நினைத்துக்கொள்வது. ஸ்ரீநகரில் தங்கி, காலையில் புறப்பட்டு, சுமார் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடந்து முற்பகலில் போய்ச் சேர்ந்து, கம்பிவடத்தில் மலையேறும் கூண்டு வண்டியான கோண்டோலாவின் இரண்டு கட்டங்களையும் ஏறி இறங்கி, ஸ்லெட்ஜில் உட்கார்ந்து, பனி ஸ்கூட்டரிலும் ஒரு சுற்றுப் போய்விட்டு, மிஞ்சிய முக்கால் மணி நேரத்தைப் பனிச்சறுக்குக்கு ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்திற்குள் ஒருவர் ஸ்கீ பூட்ஸோடு நடக்கப் பழகுவதே அரிது. எந்த வழிகாட்டியானாலும் அவ்வளவு நேரத்தில் செய்யக்கூடியது, கம்பின் முனையைப் பிடித்து இழுத்துச் செல்வது மட்டுமே. அதற்காக அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. முதல் நாளில் சமதளத்தில் நகர்வது, சரிவில் பக்கவாட்டாக ஏறுவது, பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து வேகத்தைக் குறைக்கும் ‘ஸ்னோப்ளோ’ முறையில் நிற்பது ஆகியவற்றைப் படிக்கலாம். இரண்டாம் நாளில் இடமும் வலமும் திரும்ப வரும். மூன்றாம் நாளில், விழுவதைவிடச் சறுக்கும் நேரம் கூடுதலாக இருக்கிறது என்பதை உடலே உணரும். ஆகவே குல்மார்க்கிலோ கீழே அடிவாரத்து ஊரான டாங்மார்க்கிலோ மூன்று இரவுகள் தங்க முடியாதவர்கள், பனிச்சறுக்கை இந்தப் பயணத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டு, பனியைப் பார்த்து மகிழ்ந்து திரும்புவதே நல்லது.

இந்த ஊர் கற்றுக்கொள்ள வருபவர்களைத் தலைமுறைகளாகப் பார்த்து வந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், 1927 இல், இங்கே பனிச்சறுக்குச் சங்கம் அமைந்தது. 1948 இல் இந்திய ராணுவம் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போட்டியிட்ட ஒரே வீரரான ஆரிஃப் கான், டாங்மார்க் பகுதியில் பிறந்து இந்தச் சரிவுகளில்தான் பழகினார். இப்படிப்பட்ட ஊரில், வண்டி நிறுத்தத்தில் முதலில் வந்து கையைப் பிடிப்பவரையே பயிற்சியாளராக ஏற்றுக்கொள்வது இரண்டாவது தவறு. வழிகாட்டி இல்லாமல் கோண்டோலாவில் ஏறவே முடியாது என்று அங்கே சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பயிற்சியாளர் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுப்பார், பேசிய தொகையில் பலகை, பூட்ஸ், தலைக்கவசம் ஆகியவற்றின் வாடகையும் அடங்குமா, அடுத்த நாளும் அவரே வருவாரா என்பவற்றைப் பனியில் கால் வைப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பேரம் பேசக் கூச்சப்பட்டு மாலையில் சண்டை போடுவதைவிட, காலையில் பத்து நிமிடம் நின்று பேசுவது மேல்.

எந்த மாதத்தில் போவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்தைச் ‘சில்லை கலான்’ என்பார்கள். வழக்கமாகப் பனி கெட்டிப்படுவது அந்த நாட்களில்தான் என்பதால், டிசம்பர் முதல் வாரத்து மலிவு விமானச் சீட்டை நம்பிப் போகிறவர்கள் பழுப்புப் புல்வெளியைப் பார்த்துவிட்டு வர நேரிடலாம். ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் பொதுவாக நம்பத்தக்கவை. ஆனால் அண்மை ஆண்டுகளில் அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. மாற்றவோ ரத்து செய்யவோ முடியாத வகையில் எல்லாவற்றையும் ஆறு மாதத்திற்கு முன்பே பதிவு செய்துவிடுவது இன்றைய நிலையில் அறிவுடைமை ஆகாது.

உடையைப் பொறுத்தவரை, டாங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் நீண்ட ஓவர்கோட்டும் ரப்பர் பூட்ஸும் பனியில் நின்று படம் எடுப்பதற்குப் போதும், சறுக்குவதற்கு உதவாது. நீண்ட கோட்டு முழங்கால் மடங்குவதைத் தடுக்கும். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் நான்கு முறை விழுந்து எழுவதற்குள் நனைந்துவிடும். நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு காயாமலே ஒட்டிக்கொண்டிருக்கும். வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத சட்டையும் கால்சட்டையும் என்பதே சரியான அடுக்கு. தென்னிந்தியாவிலிருந்து போகிறவர்கள் குளிருக்குப் பயந்து தேவைக்கு அதிகமாகப் போர்த்திக்கொண்டு, அரைமணி நேரத்தில் வியர்த்து, பிறகு அந்த ஈரத்திலேயே நடுங்குவது அடிக்கடி நடக்கிறது. வெயிலை இன்னும் அதிகமாகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் என்பதால், தாடையின் அடிப்பக்கமும் மூக்கின் கீழ்ப்பகுதியும்கூடக் கருகும். கண்ணாடி இல்லாமல் நாள் முழுவதும் திரிந்தவர்களுக்கு இரவில் கண்ணில் மணல் கொட்டியது போன்ற எரிச்சல் வருவதும் இதனால்தான்.

வாடகைக் கடையில் அவசரப்படுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. வழக்கமான செருப்பு அளவைச் சொல்லி, கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு சுற்றுப் பெரிய பூட்ஸையும், குளிர் தாங்க இரண்டு மூன்று காலுறைகளையும் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டுமே கெடுதல். ஸ்கீ பூட்ஸின் அளவு எண், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. நேராக நிற்கும்போது விரல் நுனிகள் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது குதிகால் பின்னே பதிந்து விரல்கள் சற்று விலக வேண்டும். எப்படிச் சாய்ந்தாலும் குதிகால் மேலெழக் கூடாது. தளர்வான பூட்ஸுக்குள் கால் திரும்பிய பிறகே பூட்ஸும் பலகையும் திரும்பும் என்பதால், கற்றுக்கொள்பவர் தன் உடல்தான் சொன்னபடி கேட்கவில்லை என்று எண்ணிக் குழம்புகிறார். காலுறை ஒன்றே போதும். மெல்லியதாக, கெண்டைக்கால் வரை ஏறுவதாக இருக்க வேண்டும். காலுறையின் மடிப்போ கால்சட்டையின் விளிம்போ பூட்ஸுக்குள் மாட்டிக்கொண்டால், மதியத்திற்குள் அந்த இடம் புண்ணாகிவிடும்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பற்றி முதன்முறை செல்பவர்கள் கேட்பதே இல்லை. விழும்போது பூட்ஸை விடுவித்துக் காலைக் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை, அணிபவரின் எடை, உயரம், வயது, திறன், பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு எண்ணாகத் திருகி வைக்க வேண்டும். தொண்ணூறு கிலோ எடையுள்ள தேர்ந்த சறுக்காளருக்கு வைத்த எண்ணோடு அதே பலகையை ஐம்பது கிலோ எடையுள்ள புதியவர் மாட்டிக்கொண்டால், விழும்போது பைண்டிங் திறக்காது, கால் முறுக்கிக்கொள்ளும். கூட்டம் மிகுந்த காலையில் இந்தத் திருகலைச் செய்யாமலே பலகையை நீட்டிவிடுவது எங்கும் நடக்கக்கூடியதே. உங்கள் எடையைக் கேட்காமல் பலகையைக் கொடுக்கிறவரிடம், அதைச் சரிசெய்து தரும்படி நீங்களே கேளுங்கள். பலகையின் நீளம் புதியவருக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையில் இருந்தால் போதும். ஒவ்வொரு முறை பூட்ஸை மாட்டும்போதும் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட வேண்டும். ஒட்டிய பனி, பைண்டிங் முழுமையாகப் பூட்டிக்கொள்வதைக் கெடுக்கும்.

பனியில் இறங்கிய பிறகு செய்யும் தவறுகளில் முதலானது, பயத்தால் பின்னுக்குச் சாய்வது. சரிவைக் கண்டதும் மலையின் பக்கமாகச் சாய்ந்துகொள்வது மனிதனின் இயல்பு. படிக்கட்டிலும் பாறையிலும் அது காப்பாற்றும், இங்கே அதுவே கவிழ்த்துவிடும். எடை பின்முனைக்குப் போனதும் பலகையின் முன்பகுதி பனியைப் பற்றாமல் மிதக்கிறது. திருப்ப முடியாமல் போகிறது, வேகம் ஏறுகிறது, வேகத்தைக் கண்டு இன்னும் பின்னுக்குச் சாய்கிறார்கள். கெண்டைக்காலின் முன்னெலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்திக்கொண்டிருக்கிறதா, இரண்டு கைகளும் கண்ணுக்கு எதிரே தெரிகின்றனவா என்று மட்டும் கவனித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பார்வை பலகை முனையில் இருக்கக் கூடாது. போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். விழுவது தவிர்க்க முடியாதது என்று தெரிந்துவிட்டால், எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் உட்கார்வதுபோல் விழுந்து, முழுவதுமாக நின்ற பிறகே எழ முயல வேண்டும். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ எத்தனிப்பதும், பின்னால் உட்கார்ந்த நிலையிலேயே நிற்கப் பார்ப்பதும் முழங்காலின் தசைநார் கிழிவதற்கு நன்கறியப்பட்ட காரணங்கள். இந்தக் காயத்தைத் தடுப்பதில் பைண்டிங்கும் பெரிதாக உதவுவதில்லை. எழும்போது இரண்டு பலகைகளையும் உடலுக்குக் கீழ்ப்புறம், சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டால் அவை நழுவி ஓடாது.

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்த பத்து நடத்தை விதிகளுள் ஒன்றையாவது எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிச் செல்ல வேண்டும். குல்மார்க்கின் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவுகளில் சறுக்குபவர்களோடு ஸ்லெட்ஜ்களும், நடப்பவர்களும், படம் எடுக்கக் குடும்பத்தோடு வரிசையாக நிற்பவர்களும் கலந்திருப்பார்கள். கூட்டம் சேர்வதற்கு முன், காலையில் சீக்கிரம் தொடங்குவதே இதற்குத் தீர்வு. ஓய்வெடுக்கச் சரிவின் நடுவில் நிற்காமல் ஓரத்திற்குப் போய்விட வேண்டும்.

கோண்டோலாவைப் பற்றி ஒரு கணக்கு. குல்மார்க் புல்வெளியே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியும் அதுவும் ஏறத்தாழ ஒரே மட்டம். முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் உள்ள கொங்டூரிக்கும், இரண்டாவது கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேலும் கொண்டுபோய் விடும். நேற்று சென்னையில் இருந்த உடல் இன்று அங்கே நின்றால் தலைவலியும் குமட்டலும் மூச்சுவாங்கலும் வரக்கூடும். வந்தால் கீழே இறங்குவதே முதல் மருந்து. ஓரிரு நாள் குல்மார்க்கில் பழகிய பிறகு மேலே போவது நல்லது. இருதய நோயோ மூச்சு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டாவது கட்டத்திற்குப் போகக் கூடாது. காற்று பலமாக இருந்தால் அந்தக் கட்டத்தை மூடிவிடுவார்கள் என்பதால், அதைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைப்பதும் தவறு. பனிச்சறுக்கில் புதியவர்கள் பலகையோடு அஃபர்வாட்டுக்கு ஏறவே கூடாது. அங்கே சமன்செய்த மென்சரிவு எதுவும் இல்லை.

வெளிநாடுகளில் ஏற்கெனவே கற்றுக்கொண்டு வருபவர்கள் செய்யும் தவறு வேறு. ஐரோப்பிய ஓய்விடங்களில் கம்பம் நட்டு, சமன்செய்து, நாள்தோறும் சோதித்த தடங்களில் பழகியவர்கள், அஃபர்வாட்டின் திறந்த சரிவுகளையும் அப்படியே எண்ணிக்கொள்கிறார்கள். கோண்டோலாவைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட பகுதியைத்தான் ரோந்துக் குழு கண்காணிக்கிறது. அதற்கு அப்பால் பனிச்சரிவு அபாயம் முழுக்க அவரவர் பொறுப்பு. 2023 பிப்ரவரி முதல் நாள் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இங்கே உயிரிழந்தனர். முதல் விபத்தில் சிக்கிய குழுவோடு உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள். ஆகவே வழிகாட்டி இருந்தாலே போதும் என்று தைரியம் கொள்வதற்கில்லை. அன்றைய அபாய அறிவிப்பைப் படித்திருக்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவரிடமும், புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும், பனியைத் துழாவும் கோலும், மண்வாரியும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். பனியில் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்திற்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடுவதால், ஊரிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. கூட இருப்பவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

எஞ்சியவை சிறியவை, ஆனால் ஒரு நாளையே கெடுக்கக்கூடியவை. பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும். கோண்டோலா சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிட வேண்டும். பல பயணக் காப்பீடுகள் சாகச விளையாட்டுக் காயங்களை விலக்கிவைக்கின்றன. பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்று எழுத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பனி பெய்தால் டாங்மார்க்கிலிருந்து மேலே சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளை மட்டுமே அனுமதிப்பார்கள். ஸ்ரீநகர் விமானங்களும் அதே பனியால் ரத்தாகும். எனவே திரும்பும் சீட்டுக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கும் இடையே ஒரு நாளாவது விட்டுவைத்துக்கொள்ளுங்கள்.