செயின்சா உதிரிபாகம்: பாரிமுனையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் நேரும் தவறுகள்

மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் புதுச் செயின் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்காரரிடம் "18 இன்ச் செயின் கொடுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். ஆன்லைனில் தேடும்போதும் அதையேதான் தட்டுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. 18 இன்ச் என்பது செயினின் அளவே அன்று. செயின் சுற்றி ஓடும் நீண்ட உலோகத் தகடான பாரின் வெட்டும் நீளம் அது. அதே 18 இன்ச் பாருக்கு ஓர் இயந்திரத்தில் 62 டிரைவ் லிங்க் (பாரின் விளிம்புப் பள்ளத்தில் ஓடும் கண்ணி) உள்ள செயின் வேண்டும், இன்னொன்றில் 68 வேண்டும், வேறொன்றில் 72 வேண்டும். 16 இன்ச்சிலும் 55, 56, 57 என்று ஒவ்வொரு லிங்க் வித்தியாசத்தில் செயின்கள் இருக்கின்றன. 56 இருக்க வேண்டிய இடத்தில் 55 வந்தால் பெரும்பாலும் பாரில் ஏறாது.

செயினை அடையாளம் காட்டுவது மூன்று எண்கள். முதலாவது பிச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து இரண்டால் வகுத்தால் கிடைப்பது. .325 என்றால் சுமார் 8.25 மில்லிமீட்டர், 3/8 என்றால் சுமார் 9.3 மில்லிமீட்டர். இரண்டாவது கேஜ்: பாரின் பள்ளத்துக்குள் இறங்கும் டிரைவ் லிங்கின் தடிமன், நம் ஊரில் புழங்கும் இயந்திரங்களில் இது பெரும்பாலும் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றாவது, டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. பாரின் அடிப்பகுதியில், இயந்திரத்தோடு பொருந்தும் இடத்துக்கு அருகில், இந்த மூன்றும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் எண்ணெயும் மரத்தூளும் கலந்த கறுப்புக் களிம்பு அதன்மேல் அப்பியிருப்பதால், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்த பிறகே கண்ணுக்குத் தெரியும். கடைக்குக் கிளம்புவதற்கு முன்போ, ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன்போ அந்த இடத்தைத் துடைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்த எண்களில் கேஜைத்தான் மக்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். எனக்கே அப்படி நேர்ந்தது. மதுராந்தகம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறு தோப்பு உண்டு. ஒரு மழைக்காலத்தில் விழுந்த வேப்பமரத்தை அறுக்க, "எல்லா 18 இன்ச் மிஷினுக்கும் பொருந்தும்" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு செயினை ஆன்லைனில் வாங்கினேன். பிச் சரி, லிங்க் எண்ணிக்கை 72ம் சரி. பாரில் ஏறியது, ஓடவும் ஓடியது. ஆனால் நான்கு விரற்கடை ஆழம் போனதும் வெட்டு வலப்பக்கமாக வளைந்து, பார் மரத்துக்குள் இறுகி நின்றது. பல் மழுங்கியிருக்கும் என்று அரம் போட்டேன். இரண்டு முறை போட்டும் அதே கதைதான். பிறகு பாரையும் செயினையும் பையில் போட்டுக்கொண்டு சென்னைப் பாரிமுனைக்குப் போனேன். கடையில் இருந்த பெரியவர் செயினைப் பாரில் மாட்டி, ஒரு பல்லை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினார். தளர்ந்த பல்லைப் போல அது ஆடியது. "பள்ளம் 1.5, சங்கிலி 1.3. சாஞ்சுக்கிட்டு ஓடுனா கோணலாத்தானே சார் வெட்டும்?" என்றார். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்திருந்தது. எண்ணெய் பட்ட பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விற்றவரும் கைவிரித்தார்.

எண்களில் இன்னொரு பொறியும் உண்டு. 3/8 என்றும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்தது) என்றும் இரண்டு வகை இருக்கின்றன. சிறு இயந்திரங்களில் வருவது இரண்டாவது வகை; செயின்சா செய்யும் ஸ்டில் நிறுவனம் அதை 3/8 பி என்று குறிக்கிறது. பெயரில் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. ஆன்லைன் பட்டியல்களில் "லோ புரொஃபைல்" என்ற சொல் பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது. கையில் இருக்கும் பழைய செயினிலேயே விடை இருக்கிறது: ஸ்டில் செயினின் வெட்டும் பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழமானியில் 2 என்று இருந்தால் .325, 3 என்றால் 3/8, 6 என்றால் 3/8 பி. டிரைவ் லிங்கில் 3, 5, 6 என்று இருப்பது முறையே 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டரைக் குறிக்கும். ஓரிகன் நிறுவனத்தின் செயின்களில் டிரைவ் லிங்கின்மேல் 91 என்று இருந்தால் அது 3/8 லோ புரொஃபைல், 1.3 மில்லிமீட்டர், 21 என்று இருந்தால் .325, 1.5 மில்லிமீட்டர்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை என்று நினைப்பதும் தவறே. செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெருப் பக்கத்துக் கடைகளில் "ஒரிஜினலா, லோக்கலா?" என்று கேட்பார்கள். இங்கே "லோக்கல்" என்றால் உள்ளூரில் செய்தது என்று பொருளன்று. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு என்று பொருள், அது எங்கோ வெளிநாட்டில் செய்ததாகவும் இருக்கலாம். "ஒரிஜினல்" என்ற சொல்லும் அந்த அளவுக்குத்தான் நம்பத்தக்கது. இயந்திர நிறுவனத்தின் சொந்தப் பாகம் ஒன்று. ஓரிகனைப் போலப் பல இயந்திரங்களுக்கும் செயினும் பாரும் செய்யும் பெயர்பெற்ற நிறுவனத்தின் பாகம் இன்னொன்று. இரண்டின் அட்டைப்பெட்டியையும் பார்த்து அச்சடித்த போலி மூன்றாவது. முதல் இரண்டையும் கவலையின்றி வாங்கலாம். மூன்றாவது கடையிலும் கிடைக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது.

சில கடைகளில் செயினைச் சுருளிலிருந்து தேவையான லிங்குக்கு அறுத்து இணைத்துத் தருவார்கள். இது நல்ல வசதி. பெட்டியில் வராத எண்ணிக்கையும் கிடைத்துவிடும். ஆனால் இணைக்கும் ரிவெட்டை அதற்குரிய கருவியில் அழுத்தித் திருகுகிறார்களா, சுத்தியலால் தட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிய கண்ணி இறுகிப்போய் மடங்காமல் நிற்கும், அல்லது போதுமான அளவு தட்டாமல் தளர்ந்திருக்கும். இரண்டுமே ஓட்டத்தில் அறுந்து போகக்கூடியவை. காசு கொடுப்பதற்கு முன் செயினை விரல்களுக்கிடையே ஓடவிட்டு, இணைத்த இடம் மற்றக் கண்ணிகளைப் போலவே மடங்குகிறதா என்று பாருங்கள். பார்த்துக்கொண்டு நிற்பதைக் கடைக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

செயினை மட்டும் மாற்றிவிட்டு, அதைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விடுவது எல்லோரும் செய்யும் சிக்கனம். இரண்டு செயின் தேயும்போது ஒரு ஸ்ப்ராக்கெட் தேய்ந்துவிடும் என்பது பொதுக் கணக்கு. பல்லில் தேய்மானப் பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டும் புதுச் செயின் மிக விரைவில் நீண்டு தொங்கும். அரமும் அப்படித்தான்: 3/8 பி செயினுக்கு 4.0 மில்லிமீட்டர், .325க்கு 4.8 மில்லிமீட்டர் என்று கணக்கு இருக்க, வீட்டில் கிடக்கிற ஏதோ ஓர் உருட்டு அரத்தை எடுத்து ராவுகிறவர்கள் உண்டு.

எஞ்சின் பாகங்களுக்கு வந்தால் விளைவுகள் இன்னும் கடுமையானவை. ஸ்டில் எம்எஸ் 170, எம்எஸ் 180 என்ற இரண்டும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முன்னதன் சிலிண்டர் விட்டம் 37 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 38. "170/180 இரண்டுக்கும்" என்று எழுதி விற்கும் பிஸ்டனை வாங்குவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே மாடல் எண்ணிலேயே வெவ்வேறு காலத்தில் வந்த இயந்திரங்களில் கார்புரேட்டர் மாறியிருக்கும் என்பதால், மாடல் எண்ணோடு, கார்புரேட்டரின் உடலில் பொறித்திருக்கும் குறியீட்டையும் படித்துச் சொல்ல வேண்டும்.

மலிவுக் கார்புரேட்டரின் தீங்கு உடனே தெரியாது. இயந்திரம் முதல் இழுப்பிலேயே கிளம்பும், நன்றாகக் கத்தும். பெட்ரோல் சற்றுக் குறைவாகப் பாய்ந்தால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இன்னும் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றும். மசகு எண்ணெயும் பெட்ரோலோடுதான் வர வேண்டும் என்பதால், அந்தச் சுறுசுறுப்பு பிஸ்டன் சுரண்டிப் போவதற்கு முந்தைய நிலை. ஆகவே கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், இக்னிஷன் காயில், பிஸ்டன் ஆகியவற்றைப் பொறுத்தவரை என் தீர்ப்பு ஒன்றுதான்: பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் போய், இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவது. செயின் பிரேக்கின் பட்டை, அறுந்த செயினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன். அவை உடம்பைக் காப்பவை, அவற்றில் விலை பேசுவதே எனக்குப் பிடிக்காது. ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, அரம் போன்றவற்றை, எண் சரியாகத் தெரிந்தால், ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை.

பெட்ரோல் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பல செயின்சா கையேடுகளோ 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் மலிவான குழாய் இதில் ஊறி முதலில் வீங்கும், பிறகு விறைத்து வெடிக்கும். எத்தனாலைத் தாங்கக்கூடியது என்று குறிப்பிட்டு விற்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின்னும் மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

ஸ்பார்க் பிளக்கில் மரையும் நீளமும் பொருந்தினால் போதும் என்று எண்ணுகிறார்கள். என்ஜிகே நிறுவனத்தின் பிளக்குகளில் பிபிஎம்ஆர் போன்ற எழுத்துகளை ஒட்டி வரும் எண் வெப்பத் தரத்தைக் குறிக்கும். எண் சிறிதானால் பிளக் அதிகச் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 7 போட வேண்டிய இடத்தில் 4 போட்டால் எஞ்சின் ஓடும். கோடை வெயிலில் நாள் முழுதும் சவுக்கு அறுத்தால் பிஸ்டனின் தலை அதற்குரிய விலையைக் கொடுக்கும்.

காகித விஷயத்திலும் ஏமாறுகிறோம். கடையில் "பில் இல்லாமல் எடுத்தால் வரி மிச்சம்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம். பொருள் பழுதானால் அதை அங்கே வாங்கினோம் என்பதற்கே சான்று இருக்காது. ஆன்லைனில் பில் தானாக வந்துவிடும், ஆனால் உண்மையில் விற்றவர் யார் என்பதை யாரும் பார்ப்பதில்லை. தளத்தின் பெயர் வேறு, அதில் கடை போட்டிருப்பவரின் பெயர் வேறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் விவரங்களும் இறக்குமதிப் பொருளாயின் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் வாங்குபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்; தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கும்போதே கைபேசியில் காணொளி எடுப்பதும், எண்களைச் சரிபார்க்கும்வரை பாகத்தில் எண்ணெய் படாமல் வைத்திருப்பதும் நான் சூடுபட்ட பிறகு கற்றுக்கொண்டவை. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமாயின் வேற்றுப் பாகத்தைப் பொருத்துவதற்கு முன் உத்தரவாத அட்டையின் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும்.

கடைசித் தவறு, வாங்கும் நேரம் பற்றியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒரே செயின்தான் தேவைப்படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது, வாசலுக்கு வர வேண்டிய பார்சல் எப்படி வரும்? ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே, புரட்டாசியிலேயே, ஒரு செயின், ஒரு பிளக், ஒரு ஸ்டார்ட்டர் கயிறு ஆகியவற்றை வாங்கி வைத்துவிடுகிறேன். ஆன்லைனில் வந்தது தவறாக இருந்தால் திருப்பி அனுப்ப அப்போது அவகாசம் இருக்கும். நேரில் போவதானால் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். பாரிமுனைக் கடைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமை முற்பகலில், பழைய செயினைப் பையில் போட்டுக்கொண்டு, கிளம்பிவிடுவேன்.