விளக்கு எட்டும் தூரம்தான் வேகம்: இரவில் கார் ஓட்டத் தொடங்குவோருக்கு

பகலில் அரை கிலோமீட்டர் வரை தெரிந்த சாலை, இரவில் டிம் (ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி) வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் வேகத்தை மட்டும் பகல் கணக்கிலேயே வைத்திருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1. கண்ணாடியை உள்ளேயும் துடையுங்கள்

முன் கண்ணாடியின் வெளிப்புறம் வைப்பரிலாவது சுத்தமாகும். உட்புறத்தை யாரும் தொடுவதில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகி வெளிவிடும் ஆவி, அங்கே மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் தெரியாது, எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். கிளீனரைத் துணியில் தெளித்து உட்புறத்தை மேலும் கீழுமாகத் துடையுங்கள். பிறகு வெளிப்புறத்தைப் பக்கவாட்டில் துடையுங்கள். கோடு எஞ்சினால், அது ஓடும் திசையை வைத்தே உள்ளா வெளியா என்று சொல்லிவிடலாம்.

2. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள்

சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட 5 முதல் 7 செ.மீ. கீழே விழ வேண்டும். பல கார்களில் ஹெட்லைட் அருகே 1% என்பதுபோல ஓர் அளவு குறித்திருக்கும்: ஒவ்வொரு மீட்டருக்கும் 1 செ.மீ. இறக்கம் என்று பொருள்.

பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்பக்கம் தாழும், வெளிச்சம் மேலே தூக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு இருப்பது இதற்காகத்தான். பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டுங்கள், வெளிச்சம் இறங்கும்.

ஹாலஜன் பல்புக்கென வடிவமைத்த விளக்கில் எல்இடி பல்பைச் செருகுவது பரவலான தவறு. ஒளி புறப்படும் இடம் மாறுவதால் வெளிச்சம் சிதறும். பளிச்சென்று இருக்கும், ஆனால் தூரம் எட்டாது. எதிரில் வருபவருக்குக் கண்ணும் கூசும்.

3. தெரியும் தூரத்துக்குள் நிற்கும் வேகம்

80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்கு வர ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 33 மீட்டர். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 68. டிம் வெளிச்சமோ 60-ஐத் தாண்டாது. 60 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு சுமார் 45 மீட்டரில் முடிகிறது.

ஓட்டும்போது சரிபார்க்க: ஒளிராத ஒரு பொருள், மரத்தின் அடிப்பகுதியோ சாலைப் பள்ளமோ, வெளிச்சத்தில் புலப்பட்டதும் நொடிகளை எண்ணுங்கள். மூன்று எண்ணும் முன்பே அதைக் கடந்துவிட்டால் வேகம் அதிகம். பலகைகளை வைத்து எண்ணாதீர்கள். அவை வெகுதொலைவிலேயே மின்னி ஏமாற்றும். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள்.

ஆளில்லாத சாலையில் பிரைட் (ஹெட்லைட்டின் உயர்ந்த ஒளி) போடத் தயங்க வேண்டாம். எதிரிலோ முன்னாலோ வண்டி தெரிந்ததும் டிம்முக்கு வந்துவிடுங்கள். மூடுபனியில் பிரைட் உதவாது: நீர்த்துளிகள் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

4. எதிர் வெளிச்சம்

எதிரே வருபவர் டிம் செய்யாவிட்டால் ஒருமுறை டிப்பர் அடியுங்கள், அதாவது பிரைட்டை ஒரு கணம் மின்னவிடுங்கள். கேட்கவில்லையா, விடுங்கள். பதிலுக்குப் பிரைட் போட்டால் சாலையில் கண் தெரியாதவர் இருவராகிவிடுவார்கள். பார்வையை உங்கள் பக்க ஓரக்கோட்டில் வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வண்டி கடந்த பிறகும் கண் தெளியச் சில நொடி ஆகும். அந்த இருட்டில்தான் சைக்கிள்காரரும் கறுப்புச் சட்டைக்காரரும் இருப்பார்கள். அதனால் உடனே வேகம் எடுக்க வேண்டாம். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு, பின்னால் பார்க்கும் உள் கண்ணாடியின் அடியில் உள்ள சிறு நெம்புகோலைத் தட்டிவிட்டால் போதும். மஞ்சள் கண்ணாடி அணிவதில் பயனில்லை. உள்ள வெளிச்சத்தையும் அது குறைத்துவிடும்.

5. தூக்கம்

நள்ளிரவு 2 முதல் விடியற்காலை 5 வரை உடம்பு தானாகவே தளரும். அடிக்கடி கொட்டாவி, ஓரக்கோட்டில் டயர் ஏறுவது, கடந்துவந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லாதது: இவற்றில் ஒன்று வந்தாலே நிறுத்துங்கள். பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. பாதுகாப்பான இடத்தில் ஒரு காபி குடித்து, உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

6. வண்டி நின்றுபோனால்

ஹசார்ட் விளக்கு போட்டு, முடிந்தவரை ஓரம் கட்டுங்கள். வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடந்து, எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே. காரின் பின்னால் நின்று டிக்கியைக் குடையாதீர்கள், உங்கள் உடம்பே பின்விளக்கை மறைத்துவிடும். எல்லோரும் இறங்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.